‘மூல மொழியிலிருந்து நேரடியாக’ என்றால் எந்த மூலம்?

கொழும்பில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டு ஜெபத்தில் உட்கார்ந்தால் குறைந்தது மூன்று வேதாகமங்கள் திறக்கும். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த கத்தோலிக்க மருமகளின் போனில் திருவிவிலியம் இருக்கும். வெள்ளவத்தை மெதடிஸ்த மாமியார் கறுப்பு மட்டை போட்ட பழைய பரிசுத்த வேதாகமத்தைக் கைவிடமாட்டார். ஆங்கில மீடியத்தில் படிக்கும் பிள்ளைகள் என்.ஐ.வி. என்ற ஆங்கில மொழிபெயர்ப்பைத் திறப்பார்கள். ஒருவர் வாசிக்கும் வசனம் மற்றவரின் திரையில் வேறு மாதிரி இருக்கும். சில வசனங்கள் இருக்கவே இருக்காது. எது சரி என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பதில் சொல்வதாக வாட்ஸ்அப்பில் இரண்டு வகைச் செய்திகள் சுற்றுகின்றன. ஒன்று மிரட்டும்: “புதிய பைபிள்கள் வசனங்களைத் திருடிவிட்டன, மாற்கு 9:44ஐத் திறந்து பாருங்கள்.” மற்றது ஆசை காட்டும்: “எபிரேய, கிரேக்க, அரமேய மூலத்திலிருந்து நேரடியாக வந்த மொழிபெயர்ப்பு, உடனே டவுன்லோட் செய்யுங்கள்.” இரண்டுமே ‘மூலம்’ என்ற ஒன்றின் பெயரால் பேசுகின்றன. ஆனால் எந்த மூலம் என்று இரண்டும் சொல்வதில்லை. அந்த ஒரு கேள்வியைக் கேட்கப் பழகிவிட்டால், கிரேக்க எழுத்து ஒன்றுகூடத் தெரியாதவருக்கும் இந்த உரிமைகோரல்களில் பாதியை எடைபோட முடியும்.

அடிப்படையிலிருந்து வருவோம். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேயத்தில் எழுதப்பட்டது. தானியேல், எஸ்றா நூல்களில் சில அதிகாரங்கள் அரமேயத்தில் உள்ளன. (தானியேல் 2:4இல் வசனத்தின் நடுவிலேயே மொழி மாறுகிறது.) புதிய ஏற்பாடு அக்காலத்து மக்கள் புழங்கிய கிரேக்கத்தில் எழுதப்பட்டது. ஆனால் பவுலோ லூக்காவோ எழுதிய தாள் ஒன்றுகூட இன்று இல்லை. ஏசாயாவின் கைப்பிரதியும் இல்லை. நம்மிடம் இருப்பவை பிரதிகளின் பிரதிகள்.

முழு எபிரேய வேதாகமமாகக் கிடைத்த, காலம் குறிக்கப்பட்ட பிரதிகளில் மிகப் பழையது லெனின்கிராட் பிரதி. அது 1008ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1947 தொடக்கம் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் சுருள்கள் கிடைத்தபோது, அதைவிட ஏறத்தாழ ஆயிரம் வருடம் பழைய ஏசாயா நூல் கைக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவதைக் கண்டார்கள். ஆனால் முழுக்க ஒத்துப்போகவில்லை. எழுத்துக்கூட்டல் தொடங்கி சில இடங்களில் சொற்கள் வரை வித்தியாசம் இருந்தது. புதிய ஏற்பாட்டுக்கு ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் பட்டியலிடப்பட்டுள்ளன. பல வெறும் துண்டுகள், பல மத்திய காலத்தவை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாயிப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் அவற்றுள் பெயர்பெற்றவை. சினாயிப் பிரதியைப் பக்கம் பக்கமாக இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சொற்களுக்கிடையில் இடைவெளியே விடாமல் எழுதியிருப்பார்கள். ‘மூலத்தில் தெளிவாக இருக்கிறது’ என்று யாராவது சொல்லும்போது அந்தப் பக்கம் நினைவுக்கு வருவது நல்லது.

இத்தனை பிரதிகளையும் ஒப்பிட்டு, எது பழைய வாசகமாக இருக்கக்கூடும் என்று முடிவெடுத்து அறிஞர்கள் அச்சிடும் நூலைத்தான் மொழிபெயர்ப்பாளர் மேசையில் வைத்துக்கொள்கிறார். அதை அடிப்படைப் பாடம் என்று சொல்லலாம். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாறு தெரியாமல் ‘திருடப்பட்ட வசனங்கள்’ விவகாரம் விளங்காது.

1516இல் எரஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டார். கையில் இருந்த பிரதிகள் சில, அவையும் பிற்காலத்தவை. அவரிடம் இருந்த வெளிப்படுத்தின விசேஷப் பிரதியில் கடைசித் தாளைக் காணோம். அவர் என்ன செய்தார்? லத்தீன் மொழிபெயர்ப்பைப் பார்த்து, கடைசி வசனங்களைத் தாமே கிரேக்கத்துக்கு மாற்றிப் போட்டார். அதாவது ‘மூலம்’ என்று அச்சான அந்தப் பக்கமே ஒரு மொழிபெயர்ப்பு. இன்னொன்று 1 யோவான் 5:7. பரலோகத்தில் பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என மூவர் சாட்சியிடுவதாகச் சொல்லும் அந்த வரி அவருடைய முதல் இரண்டு பதிப்புகளில் இல்லை. பழைய கிரேக்கப் பிரதிகளில் அது இல்லாததே காரணம். எதிர்ப்பு எழுந்தது. அந்த வரியைக் கொண்ட ஒரு கிரேக்கப் பிரதி காட்டப்பட்ட பிறகு 1522ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் அவர் அதைச் சேர்த்தார். இந்த வரிசையில் வந்த பதிப்புகளுக்குத்தான் பின்னாளில் ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட பாடம்’ என்ற பெயர் வந்தது. 1633இல் ஒரு பதிப்பகத்தார் தங்கள் முன்னுரையில் எழுதிய விளம்பர வாக்கியத்திலிருந்து பிறந்த பெயர் அது. ஆப் கடைகளில் வரும் விளம்பரங்களுக்கு ஒரு முன்னோடி என்றே சொல்லலாம்.

புதிய ஏற்பாட்டில் நாம் இன்று பயன்படுத்தும் வசன எண்கள், 1551இல் ரொபேர் எஸ்தியன் என்ற அச்சகர் அந்த வரிசையைச் சேர்ந்த ஒரு கிரேக்கப் பதிப்பில் போட்டவை. பிற்பாடு பழைய பிரதிகள் கிடைத்து, சில வசனங்கள் அவற்றில் இல்லை என்று தெரிந்ததும், புதிய பதிப்புகள் அவற்றை அடிக்குறிப்புக்கு நகர்த்தின. எண் மட்டும் நடுவே தாவியது. மாற்கு 9:43க்குப் பிறகு 45 வருவது அதனால்தான். அந்த 44ஆம் வசனம் என்ன? ‘அவர்கள் புழு சாவாமலும்’ என்று வரும் அதே வரி. அது 48இல் எல்லாப் பதிப்பிலும் இருக்கிறது. பழைய பிரதிகளில் ஒருமுறை வந்தது, பிந்திய பிரதிகளில் மூன்று முறை வருகிறது. இதில் திருடு என்ன இருக்கிறது?

இந்த வரலாறு நம் தமிழ் வேதாகமத்துக்குள்ளும் இருக்கிறது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1714–15இல் அச்சானதைப் பலர் அறிவார்கள். கொழும்புக்கும் இதில் பங்குண்டு. வுல்பெண்டால் தேவாலயம் 1757இல் திறக்கப்பட்டு இரண்டு வருடத்தில், 1759இல், பிலிப்பு தெ மெல்லோ என்ற தமிழ்ப் போதகரின் புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு இதே ஊரில் ஒல்லாந்தர் அச்சகத்தில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த மொழிபெயர்ப்பு 1850இல் வந்தது. மாமியாரின் கறுப்பு மட்டை வேதாகமமோ, பவர் பாதிரியார் தலைமையிலான குழு திருத்தி 1871இல் முழுமையாக வெளியிட்டதன் வழிவந்தது. போன்களில் ‘பழைய பதிப்பு’ என்று கிடைப்பதும் அதுதான். கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து உழைத்த திருவிவிலியம் 1995இல் வந்தது.

ஆண்டுகளைப் பாருங்கள். 1871இல் சாக்கடல் சுருள்கள் குகைக்குள் இருந்தன. பழைய பிரதிகளுக்கு முதலிடம் கொடுத்து புதிய ஏற்பாட்டுப் பாடத்தை மாற்றி அமைத்த முக்கியமான கிரேக்கப் பதிப்பு 1881இல்தான் வந்தது. ஆகவே பழைய பதிப்பு எரஸ்மஸ் வழிவந்த பாடத்தை ஒட்டியே செல்கிறது. 1 யோவான் 5:7 அதில் இருக்கிறது. திருவிவிலியம் இருபதாம் நூற்றாண்டு அறிஞர்கள் தொகுத்த பாடத்தை ஒட்டியது. அந்த வரி அதில் இல்லை. இரண்டும் மூல மொழியிலிருந்து வந்தவைதான். ஆனால் ஒன்றின் மூலம் மற்றதன் மூலம் அல்ல.

இதைச் சோதிக்க எளிய இடம் ஒன்று உண்டு. மாற்கு 5:41ஐத் திறவுங்கள். யவீருவின் மகளை இயேசு எழுப்பும் இடம். ‘தலீத்தா கூமி’ என்று முடிந்தால் பழைய பாடம், ‘கூம்’ என்று முடிந்தால் புதிய பாடம். ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். அரமேயத்தில் எப்படியும் ‘எழுந்திரு’ என்றுதான் அர்த்தம். இதே மாதிரி மாற்கு 16:8க்குப் பிறகு என்ன வருகிறது என்றும் பாருங்கள். சினாயிப் பிரதியும் வத்திக்கான் பிரதியும் அந்த வசனத்தோடு முடிந்துவிடுகின்றன. இதைப் பற்றி ஒரு குறிப்புமில்லாமல் 20ஆம் வசனம் வரை ஓடும் ஆப், வாசகரிடம் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது.

இங்கே என் சொந்த அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மொழிபெயர்ப்பின் நேர்மையை அளக்க அதன் அடிக்குறிப்புகளைவிடச் சிறந்த கருவி கிடையாது. ‘சில பழைய பிரதிகளில் இது இல்லை’, ‘எபிரேயத்தில் பொருள் தெளிவில்லை’, ‘இப்படியும் மொழிபெயர்க்கலாம்’ என்று எழுதுகிறவர் தம் வேலையை அறிந்தவர். எங்கும் தயக்கமே காட்டாத பதிப்பைத்தான் நான் சந்தேகிப்பேன். பிரச்சினை என்னவென்றால், தாளில் கண்ணுக்கெதிரே இருந்த அடிக்குறிப்பு போனில் ஒளிந்துவிட்டது. சில ஆப்களில் ஒரு சிறு குறியைத் தட்டினால்தான் வரும். சிலவற்றில் செட்டிங்ஸுக்குள் போய் இயக்க வேண்டும். இலவசமாகச் சுற்றும் ஆஃப்லைன் ஆப்கள் பலவற்றில் வசனத்தை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, குறிப்புகளையும் முன்னுரையையும் விட்டுவிட்டார்கள். கத்தோலிக்க வாசகர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தோபித்து, யூதித்து, சீராக் போன்ற இணைத் திருமுறை நூல்கள் அந்த ஆப்பில் இருக்கின்றனவா?

சரி, ஒரு புதுப் பதிப்பைத் தரவிறக்கியதும் எங்கே பார்ப்பது? பெரும்பாலான ஆப்களில் பதிப்பின் பெயருக்குப் பக்கத்தில் அதைப் பற்றிய தகவல் பக்கம் இருக்கும். யார் வெளியிட்டார்கள், எந்த ஆண்டு, எந்த எபிரேயப் பதிப்பையும் கிரேக்கப் பதிப்பையும் வைத்தார்கள், ஒரு குழு செய்ததா தனியொருவர் செய்ததா என்று தேடுங்கள். ‘மூல மொழிகளிலிருந்து’ என்ற வெறும் வாக்கியம் போதாது. நெஸ்லே–ஆலந்து கிரேக்கப் புதிய ஏற்பாடு, 28ஆம் பதிப்பு, 2012 என்பது போலப் பெயரும் ஆண்டும் இருந்தால் அது பதில். இந்திய மொழிகளில் வரும் பல பதிப்புகள் உண்மையில் ஆங்கிலத்திலிருந்து பெயர்த்து, பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தப்பட்டவை. அதை மறைக்காமல் சொன்னால் ஒரு குறையும் இல்லை. மறைத்தால்தான் கேள்வி.

பெயர் சொல்லாத குழுக்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் வெளியிடும் புதிய உலக மொழிபெயர்ப்பைச் செய்தவர்களின் பெயர்களை அந்த அமைப்பு வெளியிட்டதில்லை. புதிய ஏற்பாட்டிலும் 237 இடங்களில் ‘யெகோவா’ என்ற பெயரை அது போடுகிறது. மூலத்தில் இருந்த பெயரை மீட்டதாகக் காரணம் சொல்கிறது. இந்த உரிமைகோரலைச் சரிபார்க்க முடியும். பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்புத் துண்டுகள் சிலவற்றில் அந்த எபிரேயப் பெயர் உண்மையில் இருக்கிறது. அவர்கள் வாதம் அங்கிருந்து வருகிறது. ஆனால் இதுவரை கிடைத்த புதிய ஏற்பாட்டுக் கிரேக்கப் பிரதி எதிலும் அந்தப் பெயர் இல்லை. ஆகவே அது ஒரு ஊகம். ஊகத்தை ஊகம் என்று சொல்லிப் போட்டிருக்கிறார்களா என்பதை வாசகர் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது அதிகம் ஏமாற்றும் வசதிக்கு வருவோம்: சொல்லைத் தட்டினால் ஓர் எண்ணும் அதற்குரிய கிரேக்கச் சொல்லும் வரும் வசதி. அந்த எண்கள் பெரும்பாலும் ஜேம்ஸ் ஸ்ட்ரோங் 1890இல் வெளியிட்ட அகராதித் தொகுப்பிலிருந்து வருபவை. ஆங்கில கிங் ஜேம்ஸ் பதிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எந்த எபிரேய, கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்று காட்ட அவர் எண் போட்டார். சொல் எங்கெங்கே வருகிறது என்று தேட அது அருமையான கருவி. அந்த இடத்தில் சொல்லின் பொருள் என்ன என்று தீர்மானிக்க அது உதவாது. தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. யோவான் 1:1இல் ‘தேவனிடத்திலிருந்தது’ என்று ஒரே சொல்லாக நாம் படிப்பது கிரேக்கத்தில் நான்கு சொற்கள். அதைத் தட்டினால் எந்த எண் வரவேண்டும்? தமிழில் எண் ஒட்டிய பதிப்புகளில் இந்த ஒட்டுவேலை சில இடங்களில் தடுமாறுவதற்கு இதுவே காரணம்.

எண்ணைத் தட்டியதும் ஆறேழு அர்த்தங்கள் பட்டியலாக வரும். வாசகர் தமக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு “கிரேக்கத்தில் உண்மையான அர்த்தம் இதுதான்” என்பார். ஒரு வெளிநாட்டவர் தமிழ் அகராதியில் ‘படி’ என்ற சொல்லைத் தேடினால் வாசி, மாடிப்படி, அரிசி அளக்கும் படி, பிரதி, ஊழியருக்குக் கொடுக்கும் படி எல்லாம் வரும். ‘பிள்ளை படி ஏறினான்’ என்ற வாக்கியத்தில் இவை ஐந்தும் ஒளிந்திருப்பதாக அவர் பிரசங்கம் செய்தால் நாம் சிரிப்போம். கிரேக்கத்துக்கு அதையே செய்தால் குறிப்பெடுக்கிறோம்.

நம் சபைகளில் அதிகம் கேட்கும் உதாரணம் அகாப்பே. அகாப்பே என்றால் தெய்வீக அன்பு, பிலியோ என்றால் வெறும் நட்பு, யோவான் 21இல் இயேசு பேதுருவிடம் அதைத்தான் நுட்பமாகக் கேட்டார் என்று சொல்லாத போதகர் குறைவு. யோவான் நற்செய்தியையே பாருங்கள். பிதா குமாரனில் அன்பாயிருக்கிறார் என்பதை 3:35இல் அகாப்பே வினையாலும் 5:20இல் பிலியோ வினையாலும் யோவான் எழுதுகிறார். இரண்டாவது நட்பு மட்டும்தானா? பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் 2 சாமுவேல் 13க்குப் போங்கள். அம்னோன் தன் தங்கை தாமார்மேல் கொண்ட ஆசைக்கு அங்கே வருவது அதே அகாப்பேதான். தெய்வீகம் எங்கே இருக்கிறது? யோவான் 21இல் இயேசு மூன்று முறை கேட்டதற்கு ஆழமான காரணம் இருக்கலாம். அதைத் தேட வேண்டிய இடம் பேதுருவின் மூன்று மறுதலிப்புகள், அகராதி அல்ல. இன்னொன்று, வல்லமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை வைத்துச் சொல்வது: ‘டுனாமிஸ் என்றால் டைனமைட்’. வெடிமருந்துக்கு நோபல் அந்தப் பெயரை வைத்தது 1867இல். ரோமருக்குப் பவுல் கடிதம் எழுதியபோது மனதில் வெடிகுண்டு இருந்திருக்க வழியில்லை.

‘சொல்லுக்குச் சொல்’ என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். பிலிப்பியர் 1:8இல் கிரேக்கம் சொல்வது குடல்களைப் பற்றி. அன்பும் இரக்கமும் பிறக்கும் இடம் அவர்களுக்கு அதுதான். கிங் ஜேம்ஸ் பதிப்பு அதை அப்படியே ஆங்கிலத்தில் போட்டது. எழுத்துக்கு எழுத்து போவதாகப் பெயர்பெற்ற நம் பழைய தமிழ்ப் பதிப்போ ‘உருக்கமான அன்பு’ என்று போட்டது. நல்ல வேளை.

அரமேய ரகசியம் பேசும் பதிப்புகளும் இருக்கின்றன. இயேசு அரமேயம் பேசினார், ஆகவே புதிய ஏற்பாடு அரமேயத்தில்தான் முதலில் எழுதப்பட்டது, கிரேக்கம் பிறகு வந்தது என்பது வாதம். இயேசு அரமேயம் பேசினார் என்பது சரி. ஆனால் மாற்கு ‘தலீத்தா கூமி’யைச் சொன்ன உடனே அதன் அர்த்தத்தையும் சொல்கிறார், சிலுவையில் ‘ஏலோயி, ஏலோயி’ என்ற கதறலுக்கும் அப்படியே செய்கிறார். அரமேயம் பேசுகிறவர்களுக்கு அரமேயத்தில் எழுதுகிறவருக்கு அந்த வேலை எதற்கு? ஆதாரமாகக் காட்டப்படும் பெஷித்தா, அரமேயத்தின் ஒரு வகையான சிரியாக் மொழியில் உள்ள மதிப்புள்ள பழைய மொழிபெயர்ப்பு. ஆனாலும் அது மொழிபெயர்ப்புத்தான் என்பதில் அறிஞர்களிடையே பெரும்பாலும் ஒத்த கருத்து இருக்கிறது. அரமேயத்தையும் துணைக்கு அழைத்து வந்த ஆங்கிலப் ‘பேஷன்’ (The Passion Translation) மொழிபெயர்ப்பு இங்கும் இளைஞர் கூட்டங்களில் மேற்கோளாக வருகிறது. பெரும்பாலும் ஒருவர் செய்த வேலை அது. மூலத்தில் இல்லாத சொற்களையும் வரிகளையும் சேர்த்திருப்பதாக அறிஞர்கள் விமர்சித்தார்கள். பைபிள் கேட்வே தளம் 2022இல் அதைத் தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தியானத்துக்கு ஒருவருடைய விரிவுரையாக வாசிப்பதில் தவறில்லை. ‘மூலத்தில் இப்படித்தான்’ என்று அதைக் காட்டி வாதாடுவதுதான் சிக்கல்.

தமிழ் டிஜிட்டல் பதிப்புகளுக்கென்றே ஒரு தனித் தொல்லை இருக்கிறது. யுனிகோடுக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடங்களை மாற்றும்போதும், அச்சுப் பக்கத்தை ஸ்கேன் செய்து எழுத்தாக்கும்போதும் புள்ளி விழும், காலும் ரகரமும் மாறும், கொம்பு இடம் பெயரும். ஒரு வசனம் விசித்திரமாக இருந்தால் மொழிபெயர்ப்பாளரைக் குறை சொல்வதற்கு முன் அதே பதிப்பை அச்சில் பார்த்துவிடுங்கள். இலங்கை வேதாகமச் சங்கம் 1812இலிருந்து கொழும்பில் இருக்கிறது. அச்சுப் பிரதி கிடைப்பது இங்கே சிரமமில்லை.

செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. “இந்த வசனத்தின் கிரேக்கம் என்ன?” என்று கேட்டால் அவை அழகாகப் பதில் சொல்லும்; சில வேளை இல்லாத அடிச்சொல்லையும் இல்லாத பிரதியையும் அதே அழகோடு சொல்லும். எந்தப் பிரதி, எந்த நூல் என்று கேட்டு, அந்தப் பெயரை வேறோர் இடத்தில் போய்ச் சரிபாருங்கள். கேம்பிரிட்ஜின் டின்டேல் ஹவுஸ் என்ற வேதாகம ஆய்வு நிலையத்தில் உருவான ஸ்டெப் பைபிள் தளம் இலவசம். கிரேக்கப் பாடத்தையும் வெவ்வேறு மொழிபெயர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

ஆங்கிலமும் வேண்டாம், தமிழே போதும் என்பவருக்கும் வழி இருக்கிறது. பழைய பதிப்பையும் திருவிவிலியத்தையும் ஒரே வசனத்தில் அருகருகே திறவுங்கள். ஏசாயா 7:14இல் தொடங்கலாம். ஒன்றில் ‘கன்னிகை’, மற்றதில் ‘இளம்பெண்’. எபிரேயச் சொல் வயதுவந்த இளம்பெண்ணைக் குறிக்கிறது. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு கன்னி என்ற சொல்லைப் போட்டது. மத்தேயு 1:23 அந்தக் கிரேக்கத்தை மேற்கோள் காட்டுகிறது. மத்தேயுவில் இரண்டு தமிழ்ப் பதிப்புகளிலும் கன்னிதான். ஏசாயாவில் வித்தியாசத்தைக் கண்டதும் ஒரு பக்கத்தை மதவிரோதி என்று குற்றம் சாட்டாமல், எந்த மூலத்தை ஒட்டி ஒவ்வொன்றும் வந்தது என்று கேட்டால், மருமகளும் மாமியாரும் அந்த வசனத்தைச் சண்டையில்லாமல் வாசித்து முடிக்கலாம்.